அதிருமலைக் கொட்டகை

தென்றல் எங்கே பிறக்கிறது என்று கேட்டால், தமிழ்நாட்டில் பள்ளிக்கூடம் போன எந்தக் குழந்தையும் பொதிகை மலையில் என்று பதில் சொல்லும். தமிழ் எங்கே வளர்ந்தது என்று கேட்டாலும் அநேகமாக அதே பதில்தான் வரும். அகஸ்திய முனிவர் அமர்ந்த மலை, சந்தனம் மணக்கும் மலை, தாமிரபரணி இறங்கி வரும் மலை என்று பொதிகையைப் பற்றி நாம் பேசாத பெருமை இல்லை. ஆனால் அந்த மலைக்கு வழி எது, அங்கே குடியிருப்பவர்கள் யார், ஏறிப்போனால் இரவில் எங்கே தலை சாய்ப்பது என்று கேட்டுப் பாருங்கள். நம்மில் பெரும்பாலோர் விழிப்போம். புத்தகத்தில் அவ்வளவு கிட்டத்தில் இருக்கும் மலை, காலுக்கு அவ்வளவு தூரத்தில் இருக்கிறது.

பொதிகையின் உச்சிச் சிகரத்துக்கு அகஸ்தியர் கூடம் என்று பெயர். உயரம் 1,868 மீட்டர். பழைய கணக்கில் 6,129 அடி. கேரளத்துத் திருவனந்தபுரம் ஜில்லாவும் நமது திருநெல்வேலி ஜில்லாவும் அந்த மலைமுகட்டில்தான் ஒன்றையொன்று தொடுகின்றன. கிழக்கே வழியும் தண்ணீர் தாமிரபரணியாகிப் பாபநாசத்தைத் தாண்டி, வயல்களையெல்லாம் நனைத்து, புன்னைக்காயல் அருகே மன்னார் வளைகுடாவில் கலக்கிறது. மேற்கே வழியும் தண்ணீர் நெய்யாறு என்றும் கரமனையாறு என்றும் பெயர் பெற்று அரபிக் கடலுக்குப் போகிறது. சங்க காலத்தில் இந்தப் பிரதேசத்தை ஆண்டவன் ஆய் அண்டிரன். உறையூர் ஏணிச்சேரி முடமோசியார் அவனைப் பாடிய பாட்டுக்கள் புறநானூற்றில் இருக்கின்றன. ஏழாம் நூற்றாண்டில் இந்தியாவுக்கு வந்த சீன யாத்திரிகர் யுவான் சுவாங், அவலோகிதேசுவரர் வசிக்கும் பொதலகம் என்ற மலையைக் குறிப்பிடுகிறார்; அதுவும் நமது பொதியில்தான் என்பது சில ஆராய்ச்சியாளர்களின் அபிப்பிராயம். இத்தனை பேர் உரிமை கொண்டாடும் மலையை ஒரு முறையாவது நடந்து பார்க்க வேண்டும் என்பது எங்கள் கோஷ்டியின் நீண்ட நாளைய ஆசை.

கோஷ்டி என்றால் ஏதோ பெரிய பர்வதாரோகண சங்கம் என்று எண்ணிவிட வேண்டாம். ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர் ஒருவர், சித்த வைத்தியர் ஒருவர், தென்காசியில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் நண்பர், தபால் இலாகாக்காரர் இருவர், எங்கள் பள்ளிக்கூடத்துக் கணக்கு டீச்சர், கல்லூரியில் படிக்கும் அவருடைய பெண், இவர்களோடு நான்: ஆக எட்டுப் பேர். விடுமுறை நாட்களில் குற்றாலத்துக்கும் களக்காட்டுக்கும் நடந்து பழகிய கால்கள். மாதம் ஒரு நடை என்று ஏற்பாடு. நடக்கும்போது அரசியல் பேசக் கூடாது என்று ஒரு விதி உண்டு. அதை யாரும் இதுவரை அனுசரித்ததில்லை.

சுற்றி வளைத்த வழி

பொதிகைக்குப் பழைய யாத்திரை வழி நம்முடைய பக்கத்திலேயே இருந்தது. பாபநாசத்திலிருந்து காரையாறு, பாணதீர்த்தம் வழியாக அகஸ்தியர் பேரைச் சொல்லிக்கொண்டு எங்கள் பாட்டன்மார் போயிருக்கிறார்கள். 1988-இல் களக்காடு-முண்டந்துறைப் புலிகள் காப்பகம் ஏற்பட்டது. காட்டைக் காக்கும் கட்டுப்பாடுகள் நாளுக்கு நாள் இறுகின. இன்று பொதுஜனங்கள் சிகரத்துக்குப் போகும் வழி கேரளப் பக்கத்து வழிதான். அதனால் அம்பாசமுத்திரத்துக்காரன் தன் வீட்டு மேற்கு வாசலில் நிற்கும் மலைக்குப் போக வேண்டுமானால், செங்கோட்டை, ஆரியங்காவு, குளத்துப்புழை, பாலோடு, விதுரை என்று மலைத்தொடரைச் சுற்றிக்கொண்டு அதன் முதுகுப் பக்கத்துக்குப் போய்ச் சேர வேண்டும்.

அப்படிப் போனாலும் நினைத்த நாளில் ஏறிவிட முடியாது. தை, மாசி மாதங்களை ஒட்டிச் சில வாரங்கள் மட்டுமே கேரள வனத்துறையார் பாதையைத் திறக்கிறார்கள். நாளொன்றுக்கு இத்தனை பேர் என்று கணக்கு. கணினி மூலம் முன்கூட்டியே பதிவு செய்துகொள்ள வேண்டும். பதிவு திறந்த சிறிது நேரத்துக்குள் இடங்கள் தீர்ந்துவிடுவது வழக்கமாதலால், எங்கள் எட்டுப் பேருக்கும் ஒரே நாளில் இடம் வாங்கிக் கொடுத்த பெருமை முழுவதும் கல்லூரிப் பெண்ணின் விரல்களைச் சேர்ந்தது. தபால் இலாகாவில் முப்பது வருஷம் முத்திரை குத்திய விரல்களால் அது சாத்தியப்படவில்லை.

விதுரையிலிருந்து போணக்காடு வரை மோட்டார் போகிறது. அங்கே ஒரு தேயிலைத் தோட்டம். தோட்டம் என்று இன்னும் சொல்கிறார்கள். ஆனால் கத்தரிக்க ஆளில்லாமல் தேயிலைச் செடிகள் மரங்களாக வளர்ந்து நிற்கின்றன. தொழிற்சாலைக் கட்டடம் கண்ணாடி உடைந்து, தகரம் துருப்பிடித்துக் கிடக்கிறது. நடத்தியவர்கள் வேலையை நிறுத்திப் பல வருஷங்கள் ஆகிவிட்டன. ஆயினும் வரிசை வீடுகளில் இன்னும் மனிதர்கள் வசிக்கிறார்கள். ஒரு வீட்டு வாசலில் துணி உலர்த்திக்கொண்டிருந்த அம்மாள் எங்கள் பேச்சைக் கேட்டுவிட்டு, "திருநெல்வேலியா?" என்று தமிழிலேயே விசாரித்தாள். மலைக்குப் போகிறோம் என்றதும், "போயிட்டு வாங்க, இங்க வாறவங்க எல்லாம் மேலயே பாத்துக்கிட்டுப் போறாங்க" என்றாள். அதில் குற்றச்சாட்டு ஒன்றும் இல்லை. இருந்தாலும் வழியெல்லாம் அந்த வார்த்தை எங்களோடு வந்தது.

மெல்ல நடப்பவர் முன்னே

போணக்காட்டு வனச் சாவடியில் மூட்டைகளைப் பிரித்துப் பார்க்கிறார்கள். மதுபானம் கூடாது, பிளாஸ்டிக் கூடாது, பூஜைச் சாமான்களும் கூடாது. தென்காசி நண்பர் எங்கள் எல்லோருக்குமாக ஒரு கடையையே கட்டிக்கொண்டு வந்திருந்தார். மிக்சர், பிஸ்கோத்து, முறுக்கு எல்லாம் பளபளக்கும் உறைகளில் இருந்தன. அவை அத்தனையும் அங்கேயே உரிக்கப்பட்டுக் காகிதப் பொட்டலங்களாக மாறின. "வியாபாரத்தில் சேதாரம் உண்டு" என்று அவர் மனத்தைத் தேற்றிக்கொண்டார்.

சாவடியில்தான் எங்கள் வழிகாட்டி வந்து சேர்ந்தார். ஐம்பது வயது இருக்கும். ஒல்லியான தேகம், கையில் ஒரு வெட்டரிவாள், தோளில் ஒரு துணிப்பை. காணிக்காரர் என்று சொல்லப்படும் மலைமக்களைச் சேர்ந்தவர். காணிகள் மலையின் இரண்டு பக்கத்திலும் இருக்கிறார்கள். நம் பக்கத்தில் மயிலாறு, சேர்வலாறு, இஞ்சிக்குழி முதலிய இடங்களில் அவர்களுடைய குடியிருப்புகள் உண்டு. ஒவ்வொரு குடியிருப்புக்கும் மூட்டுக்காணி என்ற தலைவர் உண்டு; நோய்க்கும் தெய்வத்துக்கும் பிலாத்தி என்பவர் உண்டு. அவர்களுடைய பேச்சு தமிழும் மலையாளமும் ஒன்றோடொன்று பிணைந்த பேச்சு. சற்று ஊன்றிக் கேட்டால் எங்களுக்கு விளங்கிற்று. நாங்கள் அவரை அண்ணாச்சி என்று அழைத்தோம். அவர் எங்களை வேறுபாடு இல்லாமல் 'சாரே' என்றும் பெண்களை 'டீச்சரே' என்றும் அழைத்தார். கல்லூரிப் பெண் ஒரு நாளில் டீச்சரானாள்.

புறப்படும்போதே அண்ணாச்சி எங்கள் வரிசையை மாற்றிவிட்டார். வேகமாக நடக்கும் தபால்காரர்கள் முன்னே நின்றிருந்தார்கள். அவர்களைப் பின்னுக்குப் போகச் சொல்லிவிட்டு, எங்களில் வயதானவரான தலைமை ஆசிரியரைத் தமக்கு அடுத்தபடியாக நிறுத்திக்கொண்டார். "மெல்ல நடக்கிறவங்க முன்னால. அவங்க நடைதான் எல்லாருக்கும் நடை. மெல்லப் போனா மதி, சாரே" என்றார். வேகக்காரர்கள் முன்னே போனால் மெல்ல நடப்பவர் தனியே விடப்படுவார். தனியே விடப்பட்டவர் வழி தவறுவார், அல்லது யானைக்கு எதிரே போய் நிற்பார். முப்பத்தைந்து வருஷம் பையன்களைத் தாமதமாக வந்ததற்காக வெளியே நிறுத்திய தலைமை ஆசிரியர், அன்று எங்கள் எட்டுப் பேரையும் தம்முடைய தாமதத்துக்குப் பின்னால் நடத்திச் சென்றார். அதை அவர் வெகுவாக ரஸித்தார்.

இந்த விதி சிரிப்புக்குரியதல்ல. 2018 மார்ச் 11-ஆம் தேதி தேனி ஜில்லாவில் குரங்கணி மலையில் இறங்கிக்கொண்டிருந்த நடைக் கோஷ்டியினர் காட்டுத் தீயில் சிக்கிக்கொண்டார்கள். இருபதுக்கும் மேற்பட்டவர்கள் உயிரிழந்தார்கள். அவர்களில் பலர் சென்னையிலிருந்தும் ஈரோட்டிலிருந்தும் வந்த இளைஞர்களும் யுவதிகளும். காய்ந்த புல் சரிவில் காற்று எந்தப் பக்கம் திரும்பும், ஓடினால் எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்பதெல்லாம் வரைபடத்தில் எழுதியிருப்பதில்லை. அந்த இடத்திலேயே பிறந்து வளர்ந்தவர்களின் மனத்தில்தான் எழுதியிருக்கிறது. மலையில் கூட்டமாகப் போவது பாதுகாப்பு என்று நாம் நினைக்கிறோம். வழி தெரிந்த ஒருவர் இல்லாத கூட்டம், ஆபத்தை எட்டுப் பேருக்குப் பங்கு போடுவதாகத்தான் முடியும்.

போணக்காட்டிலிருந்து அதிருமலைக் கொட்டகைக்குச் சுமார் 15 கிலோமீட்டர். முதற் பாதி காட்டு நிழலில் போகும் பாதை. கரமனையாறு, வாழைப்பந்தியாறு, அட்டையாறு என்று ஓடைகள் ஒவ்வொன்றாகக் குறுக்கிடுகின்றன. ஒவ்வொன்றிலும் குனிந்து கையால் தண்ணீர் மொண்டு குடித்தோம். அட்டையாற்றுக்கு அந்தப் பெயர் வந்த காரணத்தை விவரிக்க வேண்டியதில்லை. நாங்கள் போனது தை மாதமாதலால் காரணம் அவ்வளவாக வெளிப்படவில்லை. வைத்தியருக்கு மட்டும் இரண்டு அட்டைகள் மரியாதை செய்தன.

பிறகு காடு திடீரென்று விலகிப் புல்வெளி ஆரம்பமாகிறது. அங்கே ஏழுமடக்குத் தேரி. எங்கள் ஊரில் தேரி என்றால் திருச்செந்தூர்ப் பக்கத்துச் செம்மணல் காடு. இங்கே தேரி என்றால் செங்குத்தான சரிவு. ஏழு முறை மடங்கி மடங்கி ஏறுகிறது, நிழல் கிடையாது. அதைக் கடந்தால், முட்டிடிச்சான் தேரி. ஏறும்போது நம் முழங்கால் முட்டு நம்மையே வந்து இடிக்கும் என்பது பொருள். பெயர் வைத்தவருக்குக் கவிதையில் நாட்டம் இருந்ததோ என்னவோ, உண்மையில் நாட்டம் இருந்தது நிச்சயம். தலைமை ஆசிரியர் ஒவ்வொரு இருபது அடிக்கும் நின்றார். வரிசை முழுவதும் நின்றது. வேகக்காரர்கள் அப்போதுதான் திரும்பிப் பார்த்தார்கள். பின்னால் மலைகள் ஒன்றன்மேல் ஒன்றாக நீலம் நீலமாக அடுக்கியிருந்தன. நிற்க வைத்தவருக்கு அவர்கள் நன்றி சொன்னார்கள்.

கொட்டகையில் ஓர் இரவு

மாலை மயங்கும் வேளையில் அதிருமலை வந்தது. கற்பனை செய்துகொண்டு போகிறவர்களுக்கு ஏமாற்றமாக இருக்கும். ஆசிரமமும் இல்லை, மண்டபமும் இல்லை. மரங்களுக்கு நடுவே வெட்டவெளியில் தகரக் கூரை போட்ட நீண்ட கொட்டகைகள். சுற்றிலும் யானை வராமலிருப்பதற்கு ஆழமான அகழி. அதைத் தாண்டி உள்ளே போனதும் ஒரு பக்கம் சமையற்கூடம். ஒரு பக்கம் படுக்கும் இடம். எல்லோருக்கும் ஒரே தரை, ஒரே பாய். எதிரே, மரக் கிளைகளுக்கு மேலே, மறுநாள் நாங்கள் ஏற வேண்டிய சிகரம் கறுத்த சுவர் போல நின்றது.

இரவு உணவு கஞ்சியும் பயறும் துவையலும். ஒரு சுட்ட அப்பளமும் உண்டு. நான் எத்தனையோ கலியாண விருந்துகளில் சாப்பிட்டிருக்கிறேன். எதையும் இந்தக் கஞ்சியோடு சேர்த்துச் சொல்ல மாட்டேன். இரண்டாம் முறை வாங்கப் போனபோதுதான் ஒரு மூலையில் அரிசி மூட்டைகள் சார்த்தியிருப்பதைக் கவனித்தேன். இங்கே வண்டி வராது, கழுதையும் வராது. அரிசி, பயறு, உப்பு, பாய் எல்லாம் நாங்கள் நடந்து வந்த அதே 15 கிலோமீட்டரும், அந்த முட்டிடிச்சான் தேரியும், மனிதர்களுடைய தோளிலும் தலையிலும் ஏறி வந்தவை. மலைமக்களும் வனத்துறையாரும் சேர்ந்து அமைத்த குழுவினர்தான் சமையலை நடத்துகிறார்கள். ஒரு கோப்பை கஞ்சியின் விலை பட்டணத்தைவிட அதிகம் என்று கீழே சாவடியில் குறைப்பட்டுக்கொண்ட தென்காசி நண்பர், மூட்டையை ஒரு கையால் தூக்கிப் பார்த்தார். அதன் பிறகு விலையைப் பற்றிப் பேசவில்லை.

சாப்பாட்டுக்குப் பிறகு குளிருக்காக எல்லோரும் அடுப்படிக்கு அருகே கூடினோம். எங்கள் வைத்தியர் ஒரு விஷயத்துக்காகவே வந்திருந்தார். ஆரோக்கியப்பச்சை என்னும் மூலிகையை அது வளரும் இடத்தில் பார்க்க வேண்டும் என்பது அவருடைய விருப்பம். அந்தச் செடியின் கதை, நடைக் கோஷ்டிகளெல்லாம் தெரிந்துகொள்ள வேண்டிய கதை.

1987 டிசம்பரில் விஞ்ஞானிகள் சிலர் இந்த மலைக் காடுகளில் மூலிகை ஆராய்ச்சிக்காகச் சுற்றினார்கள். டாக்டர் புஷ்பாங்கதன் அவர்களுக்குத் தலைவர். வழிகாட்டிகளாகக் காணிகள் சிலர் உடன் வந்தார்கள். ஏற்றத்தில் விஞ்ஞானிகள் களைத்துப் போனார்கள். வழிகாட்டிகள் மட்டும் களைப்பே தெரியாமல் நடந்தார்கள். அவர்கள் அவ்வப்போது ஏதோ ஒரு சிறு காயை வாயில் போட்டுக்கொள்வதைப் பார்த்து விஞ்ஞானிகளும் கேட்டு வாங்கித் தின்றார்கள். உடனே புதுத் தெம்பு பிறந்தது. அது என்ன செடி என்று கேட்டபோது காணிகள் சொல்ல மறுத்தார்கள். அது அவர்கள் குலத்து ரகசியம். வெகுவாக வற்புறுத்திய பிறகுதான் செடியைக் காட்டினார்கள்.

அந்தச் செடியிலிருந்து திருவனந்தபுரத்துத் தாவர ஆராய்ச்சிக் கழகத்தார் 'ஜீவனி' என்ற மருந்தைத் தயாரித்தார்கள். 1995-இல் கோயம்புத்தூர் ஆர்ய வைத்திய பார்மஸிக்கு அதைச் செய்யும் உரிமையைக் கொடுத்தார்கள். உரிமைத் தொகை 10 லக்ஷம் ரூபாய். விற்பனையில் நூற்றுக்கு 2 வீதம் பங்கு. இதிலே சரிபாதி காணிகளுக்குச் சேர வேண்டும் என்று ஏற்பாடு. அந்தப் பணத்தைப் பெறுவதற்காக 1997-இல் காணிகள் தங்களுக்கென்று ஒரு தர்ம ஸ்தாபனத்தைப் பதிவு செய்துகொண்டார்கள். மலைமக்களின் அறிவுக்கு விலை கொடுத்த முதல் உதாரணங்களில் ஒன்று என்று உலகமெங்கும் இதைப் புகழ்ந்து எழுதினார்கள். ஆனால் செடியைக் காட்டிலிருந்து பறிப்பதில் வனத்துறைத் தடை வந்தது. எல்லாக் காணிகளையும் கேட்டா கொடுத்தார்கள் என்ற சச்சரவும் எழுந்தது. புகழ் ஓடிய வேகத்தில் பணம் ஓடி வரவில்லை.

வைத்தியர் இதையெல்லாம் படித்துத் தெரிந்துகொண்டு வந்திருந்தார். "உங்களுக்கு அதில் ஏதாவது கிடைத்ததா, அண்ணாச்சி?" என்று கேட்டார்.

அண்ணாச்சி அடுப்பில் ஒரு கட்டையைத் தள்ளிவிட்டு, "எங்க ஆளுங்க சிலருக்குக் கிடைச்சுது. எனக்கு அப்போ இதொண்ணும் அறியாது" என்றார். சற்றுப் பொறுத்து, "காய் தின்னா ஏறலாம், சாரே. சொல்லாம இருந்திருந்தாலும் நாங்க ஏறியிருப்போம்" என்றார்.

வைத்தியர் அதற்குப் பிறகு செடியைக் காட்டும்படி கேட்கவில்லை. அவர் மனத்தில் என்ன ஓடிற்றோ அறியேன், மறுநாளும் கேட்கவில்லை.

ஒரு வழக்கும் ஒரு வழக்கமும்

அன்றிரவு வேறொரு பேச்சும் நடந்தது. அதைத் தொடங்கியது கல்லூரிப் பெண். 2018 வரை சிகரத்துக்குப் பெண்களை விடுவதில்லை. பெண்கள் சங்கங்கள் வழக்காடின. அந்த ஆண்டு நவம்பரில் கேரள உயர் நீதிமன்றம், ஆண் பெண் என்ற காரணத்தால் யாரையும் தடுக்கக் கூடாது என்று தீர்ப்பளித்தது. 2019 ஜனவரியில் பாதுகாப்பு இலாகாவில் செய்தி அதிகாரியாக இருந்த ஒரு பெண்மணி முதன்முதலாக ஏறினார். அன்று போணக்காட்டில் காணிகள் கூடி, பாட்டுப் பாடிப் பிரார்த்தனை செய்து, தங்கள் எதிர்ப்பைத் தெரிவித்தார்கள். யாரையும் மறிக்கவில்லை. அகஸ்தியரைத் தங்கள் குலத்துக்கே காவல் என்று வணங்குகிறவர்கள் அவர்கள். அந்தச் சந்நிதிக்கு அருகே தங்கள் வீட்டுப் பெண்களே போவதில்லை என்பது அவர்கள் வழக்கம்.

"நாங்கள் வந்தது உங்களுக்குக் கஷ்டமாக இருக்கிறதா?" என்று அந்தப் பெண் நேராகவே கேட்டுவிட்டாள்.

"கோர்ட்டு சொல்லிப்போச்சு. எங்க மனசுல உள்ளது மனசுல இருக்கு" என்றார் அண்ணாச்சி. "வந்தவங்களைப் பத்திரமாக் கொண்டுபோய்ப் பத்திரமாக் கொண்டுவரணும். அது எங்க சோலி."

அவர் போய்ப் படுத்த பிறகும் தாயும் மகளும் தணிந்த குரலில் தர்க்கம் செய்துகொண்டிருந்தார்கள். பொதுச் சொத்தான மலையில் ஒரு பாதிப் பேரை மட்டும் தடுப்பது எந்த வழக்கமானாலும் அநியாயம் என்பது மகளின் கட்சி. அதைத் தாயும் மறுக்கவில்லை. "நம் உரிமையைக் கோர்ட்டு கொடுத்துவிட்டது. அதை இந்த மனிதர் வீட்டு வாசலில் நின்று எப்படிச் செலவழிக்கிறது என்று கோர்ட்டு சொல்லாது" என்றார். இருவரில் யார் கட்சி வென்றது என்று நான் காத்துக்கொண்டிருந்தபோது காற்று ஆரம்பித்துவிட்டது. அதிருமலைக் காற்று சாதாரணக் காற்றல்ல. தகரக் கூரையை யாரோ பெயர்த்தெடுக்க முயல்வது போல் விடியும்வரை ஓலமிட்டது. இதுதான் கீழே வந்து தென்றலாகிறது என்றால், வழியில் அது வெகுவாகத் திருந்தியிருக்க வேண்டும்.

சிகரம்

கொட்டகையிலிருந்து உச்சிக்குச் சுமார் 6 கிலோமீட்டர். முதலில் நெருங்கிய காடு. மெல்லிய மூங்கில் புதர்களுக்கு நடுவே குனிந்து போக வேண்டும். அப்புறம் பொங்கல்பாறை. பழைய யாத்திரிகர்கள் பொங்கலிட்ட இடம்; பாறையின் மேலேயே தண்ணீர் ஓடுகிறது. அதற்கு மேல் மரங்கள் குள்ளமாகிவிடுகின்றன. பாறை இடுக்குகளில் பூச்செடிகள். உலகத்தில் வேறெங்கும் இயற்கையாக வளராத ஒரு மஞ்சள் ஆர்க்கிட் இந்த மலையில் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கர்னல் டுரூரி என்ற ஆங்கிலேயர் கண்டெடுத்ததால் அவர் பெயரே அதற்கு வழங்குகிறது. கண்டெடுத்த பிறகு, அழிந்தே போய்விட்டதென்று கருதப்பட்டு, 1972-இல்தான் மறுபடியும் கண்ணில் பட்டது. சேகரிப்பவர்களின் ஆசை ஒரு செடிக்கு எவ்வளவு பெரிய பகை என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். இந்த மலைப் பிரதேசத்தை 2001-இல் உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்தார்கள். 2016-இல் யுனெஸ்கோ ஸ்தாபனத்தின் உலகப் பட்டியலிலும் இடம் பெற்றது. நாளொன்றுக்கு இத்தனை பேர் என்ற கணக்கின் அவசியம், சாவடியில் புரியாவிட்டாலும் இங்கே வந்தால் புரிந்துவிடும்.

கடைசி ஏற்றத்தில் வழுக்குப் பாறைகள். கயிறு கட்டியிருக்கிறார்கள், அதைப் பிடித்துக்கொண்டு ஏற வேண்டும். தலைமை ஆசிரியருக்குக் கீழே ஒரு தபால்காரர் தோள் கொடுத்தார். மேலேயிருந்து அண்ணாச்சி கை கொடுத்தார். எதிர்ப் பாறையில் இரண்டு வரையாடுகள் நின்று, கயிறில்லாமல் நடப்பது எப்படி என்று எங்களுக்குக் காட்டின.

உச்சியில் திறந்த வெளியிலே அகஸ்தியர் சிலை. மேலே கூரை இல்லை, மேகந்தான் கூரை. மூடுபனி விலகிய சிறிது நேரத்தில், மேற்கே பேப்பாறை அணையின் தண்ணீரும், கிழக்கே காரையாற்று அணையின் தண்ணீரும் இரண்டு கண்ணாடித் துண்டுகள் போல மின்னின. ஒரே மலையின் தண்ணீர்! எங்கள் வீட்டுக் குழாயில் வருவதன் மூலம் காலடியில் ஓடிக்கொண்டிருந்தது. கணக்கு டீச்சர் சிலைக்குப் பத்தடி இப்பாலேயே நின்று கும்பிட்டார். அவருடைய பெண் அருகே போய் நின்று கும்பிட்டாள். அண்ணாச்சி இருவரையும் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. இறங்கும்போது வழுக்குப் பாறையில் இருவருக்கும் ஒரே மாதிரி கை கொடுத்தார்.

பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் சொல்லிக் கொடுப்பவனாதலால் எனக்கு அங்கே இன்னொருவர் ஞாபகம் வந்தது. 1852 முதல் 1865 வரை திருவிதாங்கூர் மகாராஜாவின் வானாராய்ச்சி நிலையத்துக்குத் தலைவராக இருந்த ஜான் ஆலன் பிரௌன் என்ற ஸ்காத்லாந்துக்காரர், இந்தச் சிகரத்தில் ஓர் ஆராய்ச்சி நிலையம் அமைத்தார். கடல் மட்டத்தை ஒட்டிய திருவனந்தபுரத்திலும், 6,000 அடிக்கு மேலே இங்கேயும் காற்றின் அழுத்தத்தையும் பூமியின் காந்த சக்தியையும் அளந்து ஒப்பிடுவது அவர் நோக்கம். காந்த சக்தியின் ஏற்றத்தாழ்வு ஓரிடத்தோடு நில்லாமல் பூமி முழுவதற்கும் பொதுவாக நிகழ்கிறது என்பது அவருடைய சிறந்த முடிவுகளில் ஒன்று. கைகளை வீசிக்கொண்டு ஏறுவதற்கே கயிறு வேண்டியிருந்த அந்தப் பாறைகளில், அவருடைய கருவிகளும் பலகைகளும் எப்படி ஏறியிருக்கும் என்று எண்ணிப் பார்த்தேன். கொட்டகை மூலையில் கண்ட அரிசி மூட்டைகள் விடை சொல்லிவிட்டன.

போக விரும்பும் நேயர்களுக்கு

இந்த நடை எல்லோருக்கும் ஏற்றதல்ல. மூன்று நாள் தினமும் எட்டு மணி நேரம் நடக்கக்கூடிய கால்களும், திடமான இருதயமும் வேண்டும். போவதற்கு ஒரு மாதம் முன்பிருந்தே தினம் நடந்து பழகுங்கள். கம்பளி, மழைச் சட்டை, உப்பு, கைவிளக்கு போதும். தின்பண்டக் கடை வேண்டாம். கொண்டுபோகும் குப்பையைத் திரும்பக் கொண்டுவாருங்கள். வரிசையில் மெல்ல நடப்பவரை முன்னே விடுங்கள். செடி எதையும் பறிக்காதீர்கள். காட்டும்படி கேட்பதற்கு முன்பும் ஒரு முறை யோசியுங்கள். வழிகாட்டிக்குச் சேர வேண்டியதைப் பேரம் பேசாமல் கொடுங்கள்.

என் வகுப்பில் இப்பொழுது பொதிகைப் பாடம் வரும்போது, அகஸ்தியரையும் தென்றலையும் சொன்ன பிறகு கரும்பலகையில் ஒரு கோடு போடுகிறேன். கோட்டுக்குக் கீழே மயிலாறு, சேர்வலாறு, இஞ்சிக்குழி என்று எழுதிக் காணிகளைப் பற்றிச் சொல்லுகிறேன். பரீக்ஷையில் இது கேட்கப்படுமா என்று ஒரு பையன் விசாரித்தான். கேட்கப்படாது என்றேன். அப்படியானால் எழுதிக்கொள்ள வேண்டாமா என்றான். "எழுதிக்கொள். தண்ணீர் குடிக்கிறாய் அல்லவா?" என்றேன். எழுதிக்கொண்டான்.